ஆரு சொன்னா? எப்பச் சொன்னா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஒரே ஊருக்கு மூன்று மொழியில் பெயர், முப்பது விதமாக வரலாறு. இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கும் தகவல் குவியலிலிருந்து நம்பத் தகுந்த சான்றைப் பொறுக்கி எடுப்பது எப்படி? ஒரு மாணவியும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரும் காட்டும் வழி.

பாறசாலையிலிருந்து தெற்கே பஸ் பிடித்தால் சற்று நேரத்தில் கேரளம் முடிந்துவிடுகிறது. இஞ்சிவிளையில் மலையாளத்தில் இருக்கும் கடைப் போர்டுகள் களியக்காவிளையில் தமிழுக்கு மாறுகின்றன. மற்றபடி எதுவும் மாறுவதில்லை. அதே ரப்பர் மரங்கள், அதே மரச்சீனிக் கிழங்கு, பாதி தமிழும் பாதி மலையாளமுமாக அதே பேச்சு.

எல்லையின் இந்தப் பக்கம், ஓர் ஓட்டு வீட்டின் திண்ணையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார் ஒரு கல்லூரி மாணவி. பி.ஏ. வரலாறு, மூன்றாம் வருஷம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கல்லூரிக்கு அவர் எழுதித் தர வேண்டிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, சொந்த ஊரின் சொந்தக் கதை: 1954இல் நடந்த எல்லைப் போராட்டம்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 11ஆம் தேதி புதுக்கடையில் நடந்த ஊர்வலத்தில் பாட்டியின் அப்பா போனார், போலீஸ் சுட்டதில் காலில் குண்டு பாய்ந்தது என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாட்டி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஆனால் கல்லூரியில் தழும்பைக் காட்டி மதிப்பெண் வாங்க முடியாது. சான்று வேண்டும். அதனால் இன்டர்நெட்டில் தேடினார். நிறையக் கிடைத்தது. பிரச்னையே அதுதான்.

ஒரு பக்கத்தில் செத்தவர்கள் எண்ணிக்கை ஒன்று, அடுத்த பக்கத்தில் வேறொன்று. ஒன்றில் வருஷம் 1953. மற்றொன்றில் சுட்டது 'கேரள போலீஸ்'. இன்னொன்றில் உணர்ச்சி பொங்கும் இரண்டாயிரம் சொற்கள். ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று ஒரு சொல்கூடக் கிடையாது. குழம்பிப் போனவர் நான்கு வீடு தள்ளியிருக்கும் ஆசிரியரிடம் போனார். எழுபதைத் தாண்டியவர். தமிழும் மலையாளமும் ஒன்றுபோல் வாசிப்பவர்.

"சார், எதை நம்ப?"

"ஆரு சொன்னா, எப்பச் சொன்னா, அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த மூணையும் கேளு மக்களே. பதில் இல்லாத பக்கத்தை மூடிரு."

இன்டர்நெட் தேடலைப் பற்றி வந்திருக்கும் தடித்தடியான ஆங்கிலக் கையேடுகளின் சாரம் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். அவற்றைப் பயன்படுத்துவதுதான் கஷ்டம்.

நூறு வாய், ஒரே நாக்கு

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராடியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். நேசமணி அதன் தலைவர்களில் முக்கியமானவர். 1954 தேர்தலில் 117 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் இந்தக் கட்சி 12 இடங்களைப் பிடித்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது முதல் மந்திரி பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே அவரை ராஜினாமா செய்யச் சொன்னார். பட்டம் மறுத்தார். அந்தச் சண்டை கட்சியையே உடைப்பதில் போய் முடிந்தது.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைப் பற்றி இன்டர்நெட்டில் நூறு பக்கங்கள் இருந்தால் நூறு சாட்சிகள் இருப்பதாகத் தோன்றும். மாணவி அவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் அதே வாக்கியங்கள், அதே எழுத்துப் பிழைகள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படியெடுத்திருக்கிறார்கள். நூறு வாய் பேசினாலும் நாக்கு ஒன்றுதான். எழுத்துப் பிழை பரம்பரை நோய் மாதிரி; எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தின் பிள்ளை என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆசிரியர் இன்னொரு சோதனையும் வைத்திருக்கிறார். 'குமரி மாவட்டம் 1956இல் கேரளத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தது' என்ற வாக்கியம் ஒரு பக்கத்தில் இருக்கிறதா? இருந்தால் உஷார். ஒரே வரியில் இரண்டு தவறு. கேரளம் என்ற மாநிலமே 1956 நவம்பர் 1 அன்றுதான் பிறந்தது. அதே நாளில் அதே சட்டத்தின் மூலம்தான் குமரி திருவாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் போனது. சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரியில். பேச்சு வழக்கில் அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. வரலாறு என்று போர்டு மாட்டிக்கொண்ட பக்கத்தில் அந்த வரி இருந்தால், எழுதியவர் மூலத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இதை எழுதும் எனக்கும் இதில் பங்கு உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தபோது இதே வாக்கியத்தை இதே தவறோடு தமிழாக்கினேன். மூலத்தில் இருந்தது, போட்டேன். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் போஸ்ட் கார்டு எழுதினார். கோபமே இல்லை, சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் மட்டும் குறிப்பிட்டிருந்தார். வெட்கமாக இருந்தது. மொழிபெயர்ப்பவனும் ஒரு சாட்சிதான் என்பது அன்று உறைத்தது.

அந்தச் சட்டம், மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம், 1956. மத்திய அரசின் சட்டத் தொகுப்புத் தளத்தில் முழுதாக, இலவசமாகக் கிடைக்கிறது. நான்காவது பிரிவு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் பெயர் சொல்லிச் சென்னைக்கு மாற்றுகிறது. நெய்யாற்றின்கரையின் பெயர் அதில் இல்லை. அந்த ஒரு பெயர் விடுபட்டதால்தான் பாறசாலை இன்று கேரளத்தில் இருக்கிறது. ஏன் விடுபட்டது என்று அறிய விரும்புபவர் அதற்கு முந்தைய ஆவணத்துக்குப் போக வேண்டும். பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் கமிஷன் 1955 செப்டம்பர் 30ஆம் தேதி கொடுத்த அறிக்கை. அதுவும் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கிறது. அதன்மீது 1955 டிசம்பரில் லோக்சபாவில் நடந்த விவாதம் பார்லிமென்ட் டிஜிட்டல் நூலகத்தில் இருக்கிறது. நூறு பக்கங்களைப் படித்த மாணவிக்கு இந்த மூன்றும் இருப்பதே அதுவரை தெரியாது. காரணம், தேடல் இயந்திரம் இவற்றை முதல் பக்கத்தில் காட்டுவதில்லை. அதிகம் பேர் கிளிக் செய்வதுதான் முன்னால் வரும். அசல் ஆவணத்தை யாரும் கிளிக் செய்வதில்லை.

பெயர்தான் சாவி

அசலைத் தோண்டி எடுக்க என்ன செய்வது? இங்கேதான் எல்லைக் கிராமத்துக்கே உரிய சிக்கல் குறுக்கிடுகிறது. ஊருக்கு ஒரு பெயர் இல்லை.

தமிழில் பாறசாலை, பாறச்சாலை, மலையாளத்தில் பாறச்சாலா. நெய்யாற்றின்கரையும் நெய்யாற்றங்கரையும் நெய்யாற்றின்கராவும் ஒன்றே. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு 'ஒய்' போடுபவரும் உண்டு, ஒன்றோடு நிறுத்துபவரும் உண்டு. மார்த்தாண்டத்துக்குப் பழைய பெயர் தொடுவெட்டி. திருவனந்தபுரம் 1991 வரை அரசாங்கக் காகிதங்களில் டிரிவாண்ட்ரம், கொல்லம், குயிலான். இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் இன்றைய பக்கங்கள்தான் வரும். பழைய காகிதங்கள் பழைய பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கும்.

இதற்கு அழகான உதாரணம் பாறசாலையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மிஷனரி சங்கத்தார் இங்கே ஒரு நிலையம் வைத்திருந்தார்கள். அவர்கள் வாயில் ஊர்ப் பெயர் நுழையவில்லை. பி, ஏ, ஆர், இ, ஒய், சி, எச், ஏ, எல், இ, ஒய் என்று பதினோரு எழுத்தில் எழுதிவைத்தார்கள். இந்த விசித்திர ஸ்பெல்லிங்கை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். இங்கே பல வருஷம் இருந்த ஜான் ஆப்ஸ் 1870இல் வெளியிட்ட அனுபவ நூலும், சாமுவேல் மெட்டீர் 1871லும் 1883லும் வெளியிட்ட திருவாங்கூர் பற்றிய நூல்களும் எட்டிப் பார்க்கும். இவை எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இலவச நூலகத்தில் இருக்கின்றன. ஒரு ஸ்பெல்லிங் மாறியதும் நூற்றைம்பது வருஷத்துக் கதவு திறக்கிறது.

ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வேறு சில சின்ன உத்திகளும் பலன் தந்தன. இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தச் சொற்றொடர் அப்படியே இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். வேண்டாத சொல்லுக்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டால் அது விலகும். சினிமாவும் ஹோட்டல் விளம்பரமும் இப்படித்தான் ஒழிந்தன. 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்து அரசுத் தளங்களின் வால்பெயரைச் சேர்த்தால் அரசு ஆவணங்களுக்குள் மட்டும் தேடும். ஆனால் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்த கம்ப்யூட்டர் தமிழ், மலையாள எழுத்துகளைப் பல இடங்களில் தப்பாகப் படித்திருக்கிறது. தேடலில் சிக்கவில்லை என்பதால் புத்தகத்தில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பொருளடக்கத்தைத் திறந்து பக்கத்தைப் புரட்டத்தான் வேண்டும்.

மொழியை மாற்றித் தேடுவதும் முக்கியம். இதே நிகழ்ச்சிகளைத் தமிழில் தேடினால் தியாகிகளின் கதை. மலையாளத்தில் தேடினால் மாநிலத்தின் தென்கோடி துண்டாகிப் போன கதை. ஆங்கிலத்தில் தேடினால் நிர்வாக நடவடிக்கை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை, எது ஒரு தரப்பின் வாதம் என்று பிரிகிறது. இரண்டு மொழியும் தெரிந்த எல்லைப் பிள்ளைகளுக்கு இது பெரிய பலம். அந்தப் பலம் தங்களிடம் இருப்பதை அவர்களே பல சமயம் மறந்துவிடுகிறார்கள்.

வருஷக் கணக்கு

அந்த 1953 எங்கிருந்து வந்திருக்கலாம்? ஆசிரியர் ஒரு பழைய பஞ்சாங்கக் கணக்கைப் போட்டுக் காட்டினார்.

திருவாங்கூரில் காகிதங்களுக்குக் கொல்லம் ஆண்டுதான். அது கி.பி. 825இல் தொடங்குகிறது, புது வருஷம் ஆகஸ்ட் நடுவில் சிங்ஙம் மாதத்தில் பிறக்கிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 825. 1954 ஆகஸ்ட் 11 என்பது கொல்லம் 1129, கர்க்கடக மாதம். புது வருஷத்துக்கு ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. மாதத்தைப் பார்க்காமல் 1129உடன் 824 கூட்டினால் 1953 வந்துவிடும்.

திருவாங்கூரின் பழைய தேதிகள் பலவற்றில் ஒரு வருஷ வித்தியாசம் தென்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டு நூல்களில் ஒன்று பொய் என்று சண்டை போடுவதற்கு முன் ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கலாம்.

எல்லா முரண்பாடும் கூட்டலில் தீர்ந்துவிடாது. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே ஊரூட்டம்பலத்தில் ஒரு பள்ளிக்கூடம். பஞ்சமி என்ற தலித் சிறுமியை அய்யங்காளி அங்கே கைபிடித்து அழைத்துப் போனார். எதிர்த்தவர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு இன்றும் காப்பாற்றப்படுகிறது. 2022இல் கேரள அரசு பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது. ஆனால் நிகழ்ச்சியின் வருஷம்? இன்டர்நெட்டில் ஒரு பக்கம் 1910, ஒரு பக்கம் 1914, மற்றொன்று 1915. பள்ளிகளைத் திறந்துவிடச் சொன்ன அரசு உத்தரவு, விவசாயக் கூலிகளின் வேலைநிறுத்தம், பஞ்சமி பள்ளிக்குப் போனது, அதன்பின் மூண்ட கலவரம் என்று தனித்தனிச் சம்பவங்களை ஒரே மூச்சில் சொல்லும்போது ஒன்றின் தேதி இன்னொன்றின் தலையில் ஏறிவிடுகிறது. இங்கே வேண்டியது ஒரு வெற்றுத் தாள். சம்பவங்களைத் தனித்தனி வரியாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்கான சான்றை மட்டும் எழுத வேண்டும்.

செத்தவர்கள் எண்ணிக்கையிலும் இதே கதைதான். சூடு நடந்தது ஓர் இடத்தில் அல்ல, இரண்டு இடங்களில். அரசுக் கணக்கு ஒன்று, இயக்கத்தின் கணக்கு ஒன்று. அன்றே விழுந்தவர்களை மட்டும் சேர்க்கும் பட்டியல் உண்டு. பின்னால் காயத்தால் இறந்தவர்களையும் சேர்ப்பது உண்டு. எண்ணைச் சொல்பவர் எந்தக் கணக்கு என்றும் சொல்ல வேண்டும். சொல்லாத எண் வெறும் எண்.

நாவலும் நாட்டு நடப்பும்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவிலுக்குப் போகிறவர்கள் அம்மச்சிப் பிலாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா இந்தப் பலாமரத்துப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதிகம். மரம் பட்டுப் போனாலும் அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. அவர் ஆட்சிக்கு வந்தது 1729இல். எட்டுவீட்டுப் பிள்ளைமார் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல்; அது வெளியானது 1891இல். இடையில் நூற்று அறுபது வருஷம். நாவலின் காட்சிகளை வரலாற்றுச் செய்தியாக எழுதும் பக்கங்கள் ஏராளம். ஐதிகம் பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. ஐதிகத்தை ஐதிகம் என்றும் நாவலை நாவல் என்றும் பெயரிட்டுச் சொன்னால் போதும்.

இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆபத்து என்பதற்கு மேலாடைப் போராட்டமே சாட்சி. தெற்குத் திருவாங்கூரின் நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக 1820கள் முதல் போராடினார்கள். பெண்கள் தெருவில் அவமதிக்கப்பட்டார்கள். வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெல்யனின் நெருக்குதலுக்குப் பின் 1859 ஜூலை 26ஆம் தேதி மன்னர் பிரகடனம் வெளியிட்டார். இதற்கு அரசாங்கக் கடிதங்கள், மிஷனரி நூல்கள், 1906இல் நாகம் ஐயா தொகுத்த திருவாங்கூர் ஸ்டேட் மானுவல் என்று பல திசைச் சான்றுகள் உண்டு.

ஆனால் இன்டர்நெட்டில் இந்தப் போராட்டத்தைத் தேடினால் பல பக்கங்கள் சேர்த்தலை நங்கேலியின் கதையோடு தொடங்குகின்றன. முலைவரிக்கு எதிராகத் தன் மார்பை அறுத்து வைத்த பெண் என்பது அந்த ஊரின் வாய்மொழி. ஓவியங்கள் மூலமும், 2016வாக்கில் வெளியான செய்திக் கட்டுரைகள் மூலமும் அது உலகம் முழுக்கப் பரவியது. அதற்குச் சமகால எழுத்துச் சான்று காட்டப்படவில்லை. வாய்மொழி மரபுக்கு அதற்கான மரியாதை உண்டு. ஆனால் அதை ஆவணம் போல் முன்னால் நிறுத்தினால் நடப்பது என்ன? மறுக்க விரும்புபவர் அந்த ஒன்றைப் பிடித்து உலுக்கி, ஆவணம் உள்ள முழுப் போராட்டத்தையும் கட்டுக்கதை என்று சொல்லிவிடுகிறார். பலவீனமான சான்றை முன்னால் வைப்பவர் தன் கட்சிக்கே தீங்கு செய்கிறார். உண்மையில் அவமதிக்கப்பட்ட பெண்களுக்கு இது இரண்டாம் முறை நடக்கும் அநியாயம்.

இரு கரை, இரு கதை

பழைய சான்று என்றாலே நடுநிலைச் சான்று என்றும் நினைத்துவிடக் கூடாது. போராட்டக் காலத்துப் பத்திரிகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தினமலர்' 1951இல் பிறந்தது தமிழ்நாட்டில் அல்ல, திருவனந்தபுரத்தில். தென் திருவாங்கூர்த் தமிழர் கோரிக்கைக்குக் குரல் கொடுக்கவே டி.வி. ராமசுப்பையர் அதைத் தொடங்கினார். அதே நகரில் அதே நாட்களில் மலையாளப் பத்திரிகைகள் எதிர்த்தரப்பின் கண்ணால் பார்த்து எழுதின. அன்றைய செய்தி என்ற வகையில் இரண்டும் பொக்கிஷம். ஒன்றை மட்டும் படித்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். எதிரெதிர்த் தரப்புகள் இரண்டும் ஒரே விவரத்தைச் சொன்னால் அதைத் தைரியமாக எழுதலாம்.

இன்றும் முடியாத ஒரு வழக்கிலும் இது பொருந்தும். அகத்தியமலைப் பக்கம் பிறந்து பூவாறில் கடலில் சேரும் நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயிலிருந்து விளவங்கோடு தாலுகாவுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004இல் நின்றது. பாதிக்கப்பட்ட பாசனம் சுமார் 9,200 ஏக்கர் என்பது தமிழ்நாடு அரசின் கணக்கு. நெய்யாறு மாநிலங்களுக்கு இடைப்பட்ட நதி என்கிறது தமிழ்நாடு; அல்ல, அது கேரளத்துக்குள்ளேயே ஓடும் நதி என்கிறது கேரளம். தமிழ்நாடு 2012இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. சமூக ஊடகங்களில் இது துரோகக் கதையாகவோ பேராசைக் கதையாகவோதான் கிடைக்கும். தமிழ்நாடு நீர்வளத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, கேரளத்தின் 2003 பாசனச் சட்டம், கோர்ட் ஆவணங்கள் மூன்றையும் நேரே படித்தால் எந்தச் சொல்லில் சண்டை நிற்கிறது என்று தெளிவாகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. வரலாற்று முனைவர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் ஆகியோருக்கு ஒரே இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் படித்து, அழகான வடிவமைப்பிலும் கம்பீரமான பெயரிலும் ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் பக்கத்தைப் படிக்கவே இல்லை. உடனே வெளியே வந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். சீக்கிரம் முடித்தவர்களும் சரியாகச் சொன்னவர்களும் அவர்கள்தான். பெண் பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் பெண் வீட்டில் விசாரிக்காமல் அடுத்த தெருவில் விசாரிப்பது இதே தந்திரம்.

கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2022இல் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்குப் பொய்ச் செய்தியை அடையாளம் காணும் பயிற்சி அளித்தது. நல்ல தொடக்கம். ஆனால் வாட்ஸப் வதந்தியைப் பிடிப்பது ஒரு திறமை. வரலாற்றுச் சான்றை எடைபோடுவது வேறு திறமை.

இயந்திரத்தின் தன்னம்பிக்கை

இப்போது தேடல் என்றாலே செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது என்றாகிவிட்டது. சோதிப்பதற்காக, இந்த வட்டாரத்துக் கல்வெட்டு ஒன்று எங்கே பதிப்பிக்கப்பட்டது என்று அப்படி ஓர் இயந்திரத்திடம் கேட்டேன். தயக்கமே இல்லை. தொகுதி எண், பக்க எண்ணோடு பதில் வந்தது. தொகுதி நிஜம்தான். ஸ்கேன் பிரதியைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனால் அங்கே வேறோர் ஊர்க் கல்வெட்டு. சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டு, அதே கம்பீரத்தோடு இன்னொரு தவறான பக்க எண்ணைக் கொடுத்தது.

இயந்திரத்தால் உபயோகம் இல்லாமல் இல்லை. பழைய ஸ்பெல்லிங் என்னென்ன, எந்த அரசுத் துறையிடம் இந்த ஆவணம் இருக்கும், மலையாளத்தில் என்ன சொல் போட்டுத் தேடலாம் என்றெல்லாம் கேட்கலாம். வழி சொல்ல விடலாம். சாட்சி சொல்ல விடக் கூடாது.

சரியான வழி எப்படி இருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்திவசேகரபுரம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே கோவிலும் சாலையும் அமைத்து, 95 சாத்தர்கள் படிக்க ஏற்பாடு செய்தான் என்று செப்பேடு சொல்கிறது. இதைப் பல பக்கங்கள் பலவிதமாக ஊதிப் பெருக்கியிருக்கின்றன. ஆனால் டி.ஏ. கோபிநாத ராவ் பதிப்பித்த திருவாங்கூர் தொல்லியல் வரிசை முதல் தொகுதி ஸ்கேன் வடிவில் கிடைக்கிறது. அதில் செப்பேட்டின் வாசகம் இருக்கிறது. 95 என்பது 95தானா என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம். நல்ல சான்றுக்கு அடையாளம் இதுதான்: அது தன்னைச் சோதித்துப் பார்க்க நம்மை அனுமதிக்கும்.

பாட்டியின் சாட்சி

மாணவியின் தேடல் ஆறு வாரம் நடந்தது. சட்டமும் கமிஷன் அறிக்கையும் கிடைத்தன. லோக்சபா விவாதம் கிடைத்தது. 1829இலிருந்து இருக்கும் திருவனந்தபுரம் மத்திய நூலகத்துக்கு ரயில் ஏறி இரண்டு முறை போய் வந்தார். ஸ்கேன் செய்யப்படாத காகிதம்தான் உலகில் அதிகம் என்பதை அங்கே தெரிந்துகொண்டார். இவ்வளவு செய்தும் பாட்டியின் அப்பா பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அழுகை வந்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். ஒரு பக்கத்திலிருந்து பெயர் இல்லாத பட்டியல் ஒன்றை எடுத்துத் தாத்தாவைச் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு கணம் தோன்றியதாம். ஆசிரியர் கோபிக்கவில்லை. "ஆவணத்துல இல்லன்னா, ஆவணமா ஆக்கு. பாட்டி இருக்காங்கல்லா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்படியே செய்தார். செல்போனில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்தார். சொல்பவர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த தேதி, 1954இல் அவருக்கு என்ன வயது, நேரில் பார்த்தது எது, தகப்பனார் சொல்லக் கேட்டது எது என்று தனித்தனியே குறித்தார். கட்டுரையில் இப்படி எழுதினார்: குடும்பத்தாரின் வாய்மொழி இது, பார்த்த ஆவணங்களில் இதற்கு எழுத்துச் சான்று கிடைக்கவில்லை, பார்த்த ஆவணங்கள் இவை. மதிப்பெண் குறையுமோ என்ற பயம் இருந்தது. வழிகாட்டும் பேராசிரியர் அந்தப் பத்தியின் ஓரத்தில்தான் பென்சிலால் 'நன்று' என்று எழுதியிருக்கிறார்.

நாங்கள் கிளம்பும் முன் மாணவி அந்தப் பத்தியைப் பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்டினார். ஊர்வலம், கூட்டம், ஓட்டம், இடது காலில் குண்டு. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எடது இல்ல மக்களே. வலது. எண்ண தேச்சு விட்டவ நாந்தான்."

மாணவி பேனாவை எடுத்து இடதை அடித்து வலது என்று திருத்தினார். பக்கத்தில் அன்றைய தேதியையும் போட்டார்.